செய்மதியைத் தேடிப் பிடிக்கும் அன்டனா

கூரை மேல் அன்டனா கட்டித் தொலைக்காட்சி பார்த்த காலத்தை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். இரவு அடித்த காற்றில் அன்டனா திரும்பிவிட்டால் மறுநாள் வாப்பா கூரையில் ஏறுவார். உம்மா வாசலில் நிற்பார். பிள்ளைகள் திரையின் முன்னே இருப்பார்கள்.

"இப்ப தெரியுதா?"

"இல்ல வாப்பா, முந்தினதுதான் நல்லம். கொஞ்சம் மத்தப் பக்கம் திருப்புங்க."

"இப்ப?"

"ஆ, போதும், போதும்! அப்படியே விடுங்க!"

சிரிப்புக்குரிய இந்தக் காட்சியில் ஒரு பெரிய தொழில்நுட்பத்தின் முழு உருவமும் அடங்கியிருக்கிறது. திருப்புவதற்கு ஒருவர், படம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்கு ஒருவர், அந்தச் செய்தியைக் கூரைக்குக் கொண்டு செல்வதற்கு ஒருவர் என மூன்று வேலைகள் அங்கே நடக்கின்றன. பிள்ளை வாய் திறக்காவிட்டால் வாப்பாவுக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியாது.

செய்மதிகளிலிருந்து வரும் சமிக்ஞைகளைப் பெறும் தரை நிலையங்களில் இந்த மூன்று வேலைகளையும் இயந்திரமே செய்கிறது. அங்கே கூரையில் ஏற யாருமில்லை. அதுமட்டுமல்ல, தொலைக்காட்சிக் கோபுரம் நின்ற இடத்திலேயே நிற்கும், செய்மதியோ ஓடிக்கொண்டேயிருக்கும். ஓடும் ஒன்றை, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, ஓர் அன்டனா தானாகவே எவ்வாறு தேடிப் பிடிக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறுகிய பார்வை

முதலில் ஒரு கேள்வி. எல்லாப் பக்கமும் பார்க்கும் ஓர் அன்டனாவை வைத்துவிட்டால் திருப்பும் வேலையே இல்லையே?

அப்படியும் அன்டனாக்கள் உண்டு. ஆனால் செய்மதியின் ஒலிபரப்பி பெரும்பாலும் சில வாற்று வலுவையே கொண்டது. அது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் பரவி வரும்போது மிக மிக நலிந்துவிடுகிறது. தூரம் இரு மடங்கானால் கிடைக்கும் வலு நான்கில் ஒன்றாகும் என்ற நேர்மாறு வர்க்க விதியை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். இந்த நலிந்த சமிக்ஞையைச் சேகரிக்கப் பரவளைவு வடிவமான பெரிய கிண்ணம் தேவைப்படுகிறது. கிண்ணத்தில் விழும் அலைகளெல்லாம் தெறித்து அதன் குவியத்தில் ஒன்றுசேர்கின்றன.

கிண்ணம் பெரிதாகப் பெரிதாகச் சேகரிக்கும் வலு கூடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கிண்ணத்தின் பார்வை குறுகிக்கொண்டே போகும். இந்தப் பார்வையின் அகலத்தைக் கற்றை அகலம் என்கிறோம். அதைப் பாகையில் கணிக்க ஓர் எளிய அண்ணளவான விதி உண்டு: அலைநீளத்தைக் கிண்ணத்தின் விட்டத்தால் வகுத்து 70ஆல் பெருக்க வேண்டும். 8 கிகாஹேட்ஸ் மீடிறனில் அலைநீளம் 3.75 சென்ரிமீற்றர். 3 மீற்றர் விட்டமுள்ள கிண்ணமானால் கற்றை அகலம் 70 × 0.0375 ÷ 3, அதாவது ஏறத்தாழ 0.9 பாகை. பௌர்ணமி நிலவு நமக்கு அரைப் பாகை அகலத்தில் தெரிகிறது. ஆகவே இந்தக் கிண்ணம் முழு வானத்திலும் ஒரே நேரத்தில் பார்ப்பது இரண்டு நிலவுகளின் அகலத்துக்கும் குறைவான ஒரு சிறு வட்டத்தை மட்டுமே. அந்த வட்டத்துக்குள் செய்மதி இல்லையென்றால் கிண்ணம் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

இரண்டு கோணங்கள்

வானத்தில் ஓரிடத்தைச் சுட்ட இரண்டு கோணங்கள் போதும். ஒன்று, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது. மற்றது, அடிவானத்திலிருந்து எவ்வளவு நிமிர வேண்டும் என்பது. முதலாவதைத் திசைகோள் என்றும் இரண்டாவதை ஏற்றக் கோணம் என்றும் கணித பாடத்தில் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள். கலங்கரை விளக்கத்தின் உயரத்தையும் கப்பலின் திசையையும் காணப் பயன்பட்ட அதே கோணங்கள்தாம் இங்கும் பயன்படுகின்றன. பெரும்பாலான தரை நிலையங்களில் அன்டனாவின் அடியில் இரண்டு மோட்டார்கள் இருக்கும். ஒன்று கிண்ணத்தைச் சுழற்றும், மற்றது நிமிர்த்தும்.

இந்தத் துறையில் ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களிலும் ஒரு வரலாறு உண்டு. திசைகோளுக்கு அவர்கள் வழங்கும் 'அஸிமத்' என்ற சொல் அறபியில் திசைகள் என்று பொருள்படும் 'அஸ்ஸுமூத்' என்பதிலிருந்து வந்தது. உச்சியைக் குறிக்கும் 'ஸெனித்' என்ற சொல்லும் தலைக்கு மேலுள்ள திசை எனப் பொருள்படும் அறபுத் தொடரிலிருந்தே பிறந்தது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பிரூனி, கஸ்னா நகரிலிருந்து கிப்லாவின் திசையைக் கோளத் திரிகோணகணிதம் கொண்டு கணித்தார். கொழும்பிலிருந்து அதே கணக்கைச் செய்தால் கிப்லாவின் திசைகோள் ஏறத்தாழ 295 பாகை என வரும். புவியின் மேல் ஓரிடத்திலிருந்து தொலைவிலுள்ள இன்னோர் இடத்தின் திசையைக் காணும் அந்தக் கணிதத்தின் தொடர்ச்சியைத்தான் தரை நிலையத்தின் கணினியும் செய்கிறது. ஒரே ஒரு வேறுபாடு: கஃபா அசையாது, கணக்கை ஒருமுறை செய்தால் போதும். செய்மதிக்கு அக்கணக்கை ஒவ்வொரு செக்கனும் திரும்பச் செய்ய வேண்டும்.

பத்து நிமிட விருந்தாளி

இலங்கையின் முதலாவது ஆய்வுச் செய்மதியான ராவணா-1, 2019 யூன் 17ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கிய அதன் திணிவு ஏறத்தாழ 1 கிலோகிராம் மட்டுமே. அது சுற்றத் தொடங்கிய உயரம் சுமார் 400 கிலோமீற்றர். அந்த உயரத்தில் ஒரு செய்மதி செக்கனுக்கு 7.66 கிலோமீற்றர் கதியில் ஓடி, ஏறத்தாழ 92 நிமிடங்களில் புவியை ஒருமுறை சுற்றிவிடுகிறது.

இத்தகைய செய்மதி அடிவானத்தில் தோன்றும்போது நம்மிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும்? பைதகரஸ் தேற்றமே போதும். புவியின் ஆரை 6,371 கிலோமீற்றர். செய்மதி புவி மையத்திலிருந்து 6,771 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. நமது அடிவானக் கோடு ஆரைக்குச் செங்குத்து. எனவே 6,771இன் வர்க்கத்திலிருந்து 6,371இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் கண்டால் 2,293 கிலோமீற்றர் கிடைக்கும். நேர் உச்சிக்கு வரும்போது அந்தத் தூரம் 400 கிலோமீற்றராகக் குறைகிறது. தூரம் 5.7 மடங்கு குறைவதால் சமிக்ஞையின் வலு ஏறத்தாழ 33 மடங்கு கூடுகிறது.

ஓர் அடிவானத்தில் எழுந்து மறு அடிவானத்தில் மறைய அதற்கு எடுக்கும் நேரம் சுமார் 10 நிமிடங்களே. இதைக் கடவை என்று அழைப்போம். அடிவானத்தருகே செய்மதி மெல்ல நகர்வதாகத் தோன்றும். உச்சிக்கு வந்ததும் செக்கனுக்கு 1.1 பாகை வீதம் பாயும். நமது 0.9 பாகைக் கற்றையை அது ஒரு செக்கனுக்குள் கடந்து போய்விடும். கையால் திருப்பிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை இப்போது உணரலாம். அன்று தவறவிட்ட கடவை திரும்பி வராது. அடுத்த கடவை வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முன்கூட்டியே கணித்தல்

ஆகவே அன்டனாவின் முதல் துணை கணிப்பு. செய்மதி எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்தால் அங்கே போய்க் காத்திருக்கலாம். உலகெங்கும் உள்ள ராடார்களும் தொலைகாட்டிகளும் செய்மதிகளைத் தொடர்ந்து அவதானிக்கின்றன. ஒவ்வொரு செய்மதியின் சுற்றுப்பாதையும் இரண்டே வரிகளில் எழுதி வெளியிடப்படுகிறது. ஒவ்வொரு வரியிலும் 69 எழுத்திடங்கள். சுற்றுப்பாதையின் சாய்வு, அதன் நீள்வட்டத் தன்மை, நாளொன்றுக்கு எத்தனை சுற்று, குறித்த ஒரு கணத்தில் செய்மதி எங்கே இருந்தது ஆகிய யாவும் அதற்குள் அடங்கும். கணினி அந்த இரண்டு வரிகளை வாசித்து, எந்த நிமிடத்தில் எந்தத் திசைகோளில் செய்மதி எழும் என்பதை நமது ஊருக்கெனக் கணித்துவிடும்.

ஆனால் கணிப்பு என்பது உண்மையல்ல. உண்மைக்கு அருகில் செல்லும் ஒரு மதிப்பீடு. 400 கிலோமீற்றர் உயரத்திலும் மிக மெல்லிய வளிமண்டலம் இருக்கிறது. அது செய்மதியைச் சிறிது சிறிதாக இழுக்கிறது. சூரியனின் செயற்பாடு கூடினால் அந்த வளி விரிந்து இழுவை கூடுகிறது. எனவே சில நாள் பழைய தரவை வைத்துக்கொண்டு கணித்தால் விடை பிழைக்கும். கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். கணினியின் கடிகாரம் ஒரே ஒரு செக்கன் பிந்தினால் செய்மதி 7.66 கிலோமீற்றர் முன்னே போயிருக்கும். உச்சியில் அது 1.1 பாகைப் பிழை. கற்றைக்கு வெளியே!

அன்டனாவின் வடக்கு உண்மையான வடக்குத்தானா என்பதையும் சோதிக்க வேண்டும். இதற்குச் சூரியன் உதவுகிறது. சூரியன் வானொலி அலைகளிலும் இரைச்சலை வெளியிடுகிறது. சூரியன் எந்நேரம் எங்கே இருக்கும் என்பதை மிகத் துல்லியமாகக் கணிக்கலாம். அன்டனாவைச் சூரியனின் பக்கம் திருப்பி, இரைச்சல் எங்கே உச்சமாகிறது என்று பார்த்தால், நமது பூட்டலில் எத்தனை பாகை பிழை என்பது தெரிந்துவிடும். அந்தப் பிழையைக் கணினியில் எழுதி வைத்தால் அது ஒவ்வொரு முறையும் திருத்திக்கொள்ளும்.

1962இல் நடந்தது

கணிப்பு மட்டும் போதுமா என்பதற்கு விடையை டெல்ஸ்டார் செய்மதியின் வரலாற்றில் காணலாம். 1962 யூலை 10ஆம் திகதி அமெரிக்காவின் கேப் கனவரலிலிருந்து ஏவப்பட்ட டெல்ஸ்டார், அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நேரடித் தொலைக்காட்சிப் படத்தைக் கொண்டு சென்ற முதலாவது செய்மதியாகும். அதன் திணிவு 77 கிலோகிராம். அதன் ஒலிபரப்பியின் வலு 3 வாற்றுக்கும் குறைவு. இரு கரைகளும் ஒரே நேரத்தில் அதைக் காணக்கூடிய நேரம் ஒரு சுற்றில் சுமார் 20 நிமிடங்கள் மட்டுமே.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் அன்டோவர் என்னும் இடத்தில் 54 மீற்றர் நீளமான கொம்பு வடிவ அன்டனா ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அதன் கற்றை அகலம் ஏறத்தாழ 0.2 பாகை. நிலவின் அகலத்தில் பாதிக்கும் குறைவு! அவ்வளவு ஒடுங்கிய பார்வையால் வானத்தைத் துழாவிச் செய்மதியைக் கண்டுபிடிப்பது நடவாத காரியம். ஆகவே பொறியியலாளர்கள் மூன்று படிகளை வகுத்தார்கள். முதலில் ஏறத்தாழ 20 பாகை அகலமான பார்வையுடைய ஒரு சிறிய அன்டனா, செய்மதி இடைவிடாது அனுப்பும் அடையாளச் சமிக்ஞையைத் தேடும். அது கண்டதும், 2 பாகைப் பார்வையுடைய இரண்டாவது அன்டனாவுக்குத் திசையைச் சொல்லும். அது இன்னும் துல்லியமாகக் கண்டு பெரிய கொம்புக்குச் சொல்லும். அதன்பின் கொம்பு தானே சமிக்ஞையைப் பின்தொடரும். கூட்டத்தில் ஒருவரைத் தேடும்போது நாமும் இப்படித்தான் செய்கிறோம். முதலில் கூட்டம் முழுவதையும் பார்க்கிறோம். பிறகு ஒரு மூலையைப் பார்க்கிறோம். கடைசியில் முகத்தைப் பார்க்கிறோம்.

ஐரோப்பாவில் பிரான்ஸின் ப்ளமர் பொடு என்னுமிடத்திலும், இங்கிலாந்தின் கோன்வோல் பகுதியிலுள்ள கூன்ஹில்லியிலும் நிலையங்கள் காத்திருந்தன. கூன்ஹில்லியின் கிண்ணம் 26 மீற்றர் விட்டமும் 1,100 தொன் எடையும் கொண்டது. முன்கூட்டிக் கணித்த கோணங்களின்படி அந்தப் பாரிய கிண்ணம் திரும்பிச் செய்மதியைப் பார்த்தது. ஆயினும் முதல் இரவு பிரான்ஸில் தெளிவான படம் கிடைக்க, கூன்ஹில்லியில் மங்கலான படமே கிடைத்தது.

காரணம் என்ன? கிண்ணம் தவறான இடத்தைப் பார்க்கவில்லை. டெல்ஸ்டாரின் அலை ஒரு திருகாணியைப் போலச் சுழன்று கொண்டே வருவது. இதை வட்ட முனைவாக்கம் என்பர். அது வலப்பக்கமாகச் சுழல்கிறதா இடப்பக்கமாகச் சுழல்கிறதா என்பதற்கான வரைவிலக்கணத்தை இரு தரப்பும் வெவ்வேறாக விளங்கியிருந்தன. அதனால் கூன்ஹில்லியின் வாங்கி எதிர்ப்பக்கச் சுழற்சிக்கு அமைக்கப்பட்டிருந்தது. அது திருத்தப்பட்டதும் மறுநாள் தெளிவான படம் வந்தது. 1,100 தொன் கிண்ணம் சரியாகத் திரும்பியும், ஒரு சொல்லின் பொருளில் நேர்ந்த குழப்பம் படத்தை மறைத்துவிட்டது. பரீட்சையில் வரைவிலக்கணம் எழுதச் சொன்னால் சலித்துக்கொள்ளும் மாணவிகள் இந்த இரவை நினைவில் வைத்திருக்கலாம்.

பிடித்து வைத்திருப்பது எப்படி?

செய்மதி கற்றைக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அதைக் கைவிடாமல் பின்தொடர வேண்டும். இதற்கு மூன்று வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, படிப்படியாகத் தேடுதல். அன்டனாவைச் சிறிது வலப்பக்கம் திருப்பிப் பார்ப்பது. சமிக்ஞை கூடினால் அதே பக்கம் இன்னும் ஒரு படி, குறைந்தால் மறுபக்கம். இது அச்சொட்டாகக் கூரை மேல் நின்ற வாப்பா செய்ததேயாகும். மலிவானது, எளிதானது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. மலை உச்சியை அடைந்ததும் தரை தட்டையாகிவிடுவது போல, சமிக்ஞையின் உச்சத்தருகே சிறிது திருப்பினாலும் வலு அதிகம் மாறாது. உயர்தர வகுப்பில் வகையீடு படிக்கும் மாணவிகள் இதை வேறுவிதமாகச் சொல்வார்கள்: உயர்வுப் புள்ளியில் சாய்வு பூச்சியம். எனவே சரியான உச்சம் எது என்பதைத் திருத்தமாகச் சொல்ல இம்முறையால் இயலாது. வேகமாக ஓடும் செய்மதிக்கும் இது பொருந்தாது.

இரண்டாவது, கூம்பு வடிவில் சுழற்றுதல். கற்றையை மையத்திலிருந்து சற்றே சாய்த்து, ஒரு பம்பரத்தின் தலை போல வேகமாகச் சுழல விடுவார்கள். செய்மதி சரியாக நடுவில் இருந்தால் சுழற்சி முழுவதும் சமிக்ஞை ஒரே அளவாக இருக்கும். ஒரு பக்கம் விலகியிருந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் சமிக்ஞை ஏறி இறங்கும். எந்தப் பக்கத்தில் ஏறுகிறதோ அந்தப் பக்கம் திருப்ப வேண்டும்.

மூன்றாவது, ஒரே கணத்தில் ஒப்பிடுதல். குவியத்தில் நான்கு சிறு வாங்கிகளை வைத்து, இடப்பக்க இரண்டினதும் வலப்பக்க இரண்டினதும் வித்தியாசத்தைக் காண்பார்கள். மேல், கீழ் ஆகியவற்றுக்கும் அவ்வாறே. செய்மதி நடுவில் இருந்தால் வித்தியாசம் பூச்சியம். இடப்பக்கம் விலகினால் ஒரு குறி, வலப்பக்கம் விலகினால் எதிர்க்குறி. எவ்வளவு திருப்ப வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற இரண்டு விடைகளும் ஒரே அளவீட்டில் கிடைத்துவிடுகின்றன. சோதித்துப் பார்ப்பதற்காக அன்டனாவை விலக்க வேண்டிய தேவையே இல்லை.

மூன்று வழிகளுக்கும் பொதுவான அடிப்படை ஒன்றே. விளைவை அளந்து, பிழையைக் கண்டு, அந்தப் பிழையைக் கொண்டே அடுத்த அசைவைத் தீர்மானிப்பது. இதைப் பின்னூட்டல் என்கிறோம். தன்னியக்கத்தின் உயிர் இதுதான்.

எதை நம்புவது?

அப்படியானால் சமிக்ஞையை மட்டும் நம்பி, கணிப்பைக் கைவிட்டுவிடலாமா? அதுவும் ஆபத்தே. ஏனெனில் சமிக்ஞையும் ஏமாற்றும்.

எந்தக் கிண்ணத்துக்கும் பிரதான கற்றையைச் சுற்றிச் சிறு சிறு பக்கக் கற்றைகள் உண்டு. செய்மதி அவற்றில் ஒன்றில் அகப்பட்டால் அங்கேயும் ஒரு சிறு உச்சம் தெரியும். இயந்திரம் குன்றின் உச்சியில் ஏறி நின்றுகொண்டு மலையின் உச்சிக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். அடிவானத்தருகே நிலத்திலும் கடலிலும் பட்டுத் தெறித்த அலைகள் வந்து சேர்வதால், அன்டனா செய்மதியை விட்டு அதன் நிழலைத் துரத்தவும் கூடும்.

எனவே நல்ல தரை நிலையம் இரண்டையும் ஒன்றோடொன்று சரிபார்க்கிறது. தாழ்ந்த ஏற்றக் கோணங்களில் கணிப்பின்படி நகர்கிறது. செய்மதி எதிர்பார்த்த இடத்தில் காணப்படாவிட்டால், அந்த இடத்தைச் சுற்றி நத்தை ஓட்டின் வளைவு போலச் சுற்றிச் சுற்றித் தேடுகிறது. சமிக்ஞை கிடைத்ததும் அதன் வலு எதிர்பார்த்த அளவில் இருக்கிறதா என்று பார்க்கிறது. மிகக் குறைவாக இருந்தால் பக்கக் கற்றையோ என்று ஐயுறுகிறது. உயர்ந்த கோணத்தில் சமிக்ஞையையே பின்பற்றுகிறது. இடையில் சமிக்ஞை அறுந்தால் திகைத்து நிற்பதில்லை. கடைசியாக அறிந்த பிழைத் திருத்தத்துடன் கணிப்பின் வழியே போய்க்கொண்டிருக்கிறது.

ஸ்புட்னிக் கற்றுத்தந்தது

திசையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, மீடிறனையும் பின்தொடர வேண்டும். நம்மை நோக்கி வரும் புகையிரதத்தின் ஊதல் உயர்ந்த சுருதியிலும், கடந்து போனதும் தாழ்ந்த சுருதியிலும் கேட்பது டொப்ளர் விளைவு. செய்மதிக்கும் இது பொருந்தும். 437 மெகாஹேட்ஸ் மீடிறனில் ஒலிபரப்பும் ஒரு சிறு செய்மதி எழும்போது சமிக்ஞை ஏறத்தாழ 10 கிலோஹேட்ஸ் கூடுதலாகவும், மறையும்போது அதே அளவு குறைவாகவும் வந்து சேர்கிறது. ஆகவே கணினி மோட்டார்களைத் திருப்புவதோடு வாங்கியின் மீடிறனையும் இடைவிடாது மாற்றிக்கொண்டே இருக்கிறது.

1957 ஒக்டோபர் 4ஆம் திகதி ஸ்புட்னிக்-1 ஏவப்பட்டபோது, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடமொன்றில் வில்லியம் கையர், ஜோர்ஜ் வைஃபன்பாக் என்ற இரு இளம் பௌதிகவியலாளர்கள் அதன் ஒலியைப் பதிவு செய்தார்கள். மீடிறன் மாறும் விதத்தை மட்டும் கொண்டு அதன் சுற்றுப்பாதையையே கணித்துவிட்டார்கள். அதைத் தலைகீழாக்கினால், செய்மதியின் பாதை தெரிந்தால் கேட்பவர் நிற்கும் இடத்தைக் கணிக்கலாம் என்று அங்கிருந்த பிராங்க் மக்ளூர் கண்டார். ட்ரான்சிட் என்னும் முதலாவது செய்மதி வழிகாட்டல் முறைமை அதிலிருந்தே பிறந்தது. மற்றவர்களுக்கு வாங்கியைத் தொல்லைப்படுத்தும் பிழையாகத் தோன்றக்கூடிய ஒன்று, அவர்களுக்குத் தகவலாகத் தெரிந்தது.

உச்சியில் ஒரு சிக்கல்

ஒரு புதிர். செய்மதி நேர் உச்சிக்கு வரும்போதுதான் மிக அருகில் இருக்கிறது, சமிக்ஞையும் மிக வலுவாக இருக்கிறது. ஆனால் அன்டனா அதைத் தவறவிடுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஏன்?

கிழக்கிலிருந்து எழுந்து நேர் உச்சி வழியாக மேற்கே போகும் செய்மதியைக் கையை நீட்டிச் சுட்டிப் பாருங்கள். உச்சிவரை கை நிமிர்ந்துகொண்டே போகும். உச்சியைத் தாண்டியதும் உடம்பை 180 பாகை திருப்பினால்தான் மேற்கை நோக்க முடியும். செய்மதியோ ஒரு கணமும் நிற்காது. முன்னரே சொன்ன இரண்டு மோட்டார் அமைப்பில், சுழற்றும் மோட்டார் அந்த ஒரு கணத்தில் எல்லையற்ற வேகத்தில் திரும்ப வேண்டியிருக்கும். எந்த மோட்டாரும் அதைச் செய்யாது. இதற்குத் தீர்வாக, உச்சிக்குச் சற்று முன்பே கணினி அன்டனாவைத் திருப்பத் தொடங்கும். அல்லது அடியில் மூன்றாவது அச்சு ஒன்றை வைத்துச் சாய்ப்பார்கள். அல்லது இரண்டு அச்சுகளையும் கிடையாக அமைப்பார்கள். வரப்போகும் சிக்கலை வருமுன் கண்டு தயாராவதற்கும் கணிப்பே தேவைப்படுகிறது.

துரத்தாமல் இருக்க முடியாதா?

1956 முதல் தமது மறைவு வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சீ. கிளார்க் 1945இலேயே இதற்கொரு விடையை எழுதினார். நடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதியை வைத்தால் புவி சுழலும் அதே வேகத்தில் அதுவும் சுற்றும். நமக்கு அசையாமல் நிற்பதாகத் தோன்றும். இன்று நம் வீட்டுச் சுவரில் பூட்டிய டிஷ் அசையாமல் நிற்பது அதனால்தான். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து புவியின் துருவங்கள் தெரிவதில்லை; சமிக்ஞை வந்து சேரவும் தாமதமாகும். ஆகவே புவியை நுணுக்கமாகப் படம் பிடிக்கும் செய்மதிகளும், துருவங்களின் மேலாகச் சுற்றும் வானிலைச் செய்மதிகள் பலவும் இன்னும் தாழ்ந்தே ஓடுகின்றன. அவற்றைத் துரத்தியே ஆக வேண்டும்.

இதன் பெறுமதியைக் கிழக்கு மாகாணத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நம் மூத்தம்மாக்கள் இன்றும் சொல்வார்கள். கடலில் ஒரு தாழமுக்கம் உருவாகும்போது ஒவ்வொரு கடவையிலும் கிடைக்கும் முகிற் படமும் வெப்பநிலை அளவீடும் எதிர்வுகூறலுக்குச் சேரும் ஒரு துண்டு. நள்ளிரவு 2 மணிக்குக் கடவை வந்தாலும் அன்டனா விழித்திருக்க வேண்டும். தன்னியக்கம் வேண்டுவது அதற்காகத்தான்.

இது பெரிய நாடுகளுக்கு மட்டும் உரிய வேலையும் அல்ல. கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரில் ஆர்வலர்கள் சிலர் 2014இல் சட்நொக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். சிறு மோட்டார்கள், அச்சிட்ட பிளாஸ்டிக் பற்சில்லுகள், ஒரு சிறு கணினி ஆகியவற்றால் தரை நிலையம் அமைக்கும் முறையை யாவருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். உலகின் பல நாடுகளில் வீட்டு மொட்டை மாடிகளிலும் பாடசாலைகளிலும் அமைந்த நிலையங்கள் இன்று அதில் இணைந்துள்ளன. எந்தச் செய்மதி எப்போது வரும் என்ற அட்டவணையைக் கணினி பெறுகிறது. நேரம் வந்ததும் தானே கேட்டுப் பதிவு செய்து அனுப்புகிறது. திருப்பத் தேவையில்லாத, அகன்ற பார்வையுடைய எளிய அன்டனாவுடன் கூட அதில் சேரலாம்.

மாணவிகளே, இக்கட்டுரையில் வந்த கணிதம் என்ன என்று திரும்பிப் பாருங்கள். திசைகோள், ஏற்றக் கோணம், பைதகரஸ், நேர்மாறு வர்க்க விதி, டொப்ளர் விளைவு, உயர்வுப் புள்ளி. எல்லாம் உங்கள் புத்தகப் பையில் ஏற்கெனவே இருப்பவை. வீட்டில் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். சர்வதேச விண்வெளி நிலையம் உங்கள் ஊருக்கு மேலாகப் போகும் நேரத்தை இணையத்தில் பார்த்து, அந்தி நேரக் கடவை ஒன்றில் வாப்பாவையும் உம்மாவையும் அழைத்துக்கொண்டு முற்றத்துக்குச் செல்லுங்கள். எந்தத் திசைகோளில் எழும் என்று முன்னரே எழுதி வையுங்கள். அது எழுந்த இடத்தைப் பார்த்து, உங்கள் கணிப்பு எத்தனை பாகை பிழைத்தது என்றும் எழுதுங்கள்.

பிழைத்துவிட்டதே என்று தாளைக் கிழித்துவிட வேண்டாம். கூரையில் நின்ற வாப்பாவுக்கு "இல்ல வாப்பா, முந்தினதுதான் நல்லம்" என்ற ஒரு சொல் எப்படி உதவியதோ, அப்படியே அந்த எண் உங்களுக்கு உதவும். அடுத்த கடவைக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.